கூட்டுவதா, அடக்குவதா? உடலின் முதற்காவலர்களும் எமது பிழையான நம்பிக்கையும்

2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கேகாலை மாவட்டத்துக் கிராமமொன்றில், ஒரு வீட்டின் முன்னால் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு நின்ற காட்சியை எமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொவிட்-19 தொற்றுக்கு அஞ்சி, ஒருவரையொருவர் நெருங்கி நிற்றலாகாது என்று நாடெங்கும் விதிமுறைகள் நடைமுறையில் இருந்த வேளை அது. தேனும் சாதிக்காயும் சேர்த்துத் தயாரிக்கப்பட்டதாகக் கூறப்பட்ட ஒரு பாணியைப் பெற்றுக்கொள்வதற்காக அம்மக்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தனர். அப்பாணியைப் பகிரங்கமாக அருந்திக் காட்டிய அன்றைய சுகாதார அமைச்சர், அடுத்த மாதமே அத்தொற்றுக்கு இலக்கானார்.

எவரையும் எள்ளி நகையாடுவதற்காக நாம் அதனை இங்கு நினைவூட்டவில்லை. அன்று அந்த வரிசையில் நின்றவர்களும், வீட்டில் இருந்தபடியே விற்றமின் மாத்திரைகளையும் கருஞ்சீரக எண்ணெயையும் வாங்கிக் குவித்த படித்தவர்களும் ஒரே நம்பிக்கையையே பகிர்ந்துகொண்டனர் எனலாம். நோய் எதிர்ப்புச் சக்தி என்பது தாங்கியில் உள்ள தண்ணீரைப் போன்றது. அது எவ்வளவு கூடுகின்றதோ அவ்வளவு நன்று. குறைந்தால் நோய் வரும், கூட்டினால் நோய் போகும் என்பதே அந்த நம்பிக்கை. மருந்துக் கடைகளில் தொங்கும் விளம்பரங்கள் இதனையே சொல்கின்றன. எமது வீடுகளில் பிள்ளை இருமுறை தடிமன் பிடித்துக்கொண்டால் பாட்டிமார் சொல்வதும் இதுவே.

ஆனால் அதே 2020ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் தலைமையில் பிரித்தானிய வைத்தியசாலைகளில் நடத்தப்பட்ட 'ரிக்கவரி' என்னும் பெரும் பரிசோதனையின் முடிவு வெளியாகியிருந்தது. கொவிட் நோயாளரின் உயிரைக் காப்பாற்றுவதாக முதன்முதலில் நிரூபிக்கப்பட்ட மருந்து டெக்சாமெதசோன் என்று அது அறிவித்தது. செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்டிருந்த நோயாளரில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 41 பேர் 28 நாட்களுக்குள் இறந்தனர். டெக்சாமெதசோன் பெற்றவர்களுள் இறந்தவர்கள் நூற்றுக்கு 29 பேர். ஒக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடையே இறப்பு நூற்றுக்கு 26 இலிருந்து 23 ஆகக் குறைந்தது. 1950களின் இறுதியிலிருந்து பாவனையிலுள்ள, மிக மலிவான, எமது அரச வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் இருக்கக்கூடிய ஒரு ஸ்டீரொயிட் மருந்து இது.

இந்த மருந்து நோயெதிர்ப்பைக் கூட்டுவதில்லை, அதனை அடக்குகின்றது. ஒரு வைரஸ் தொற்றினால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மனிதனை, அவனது எதிர்ப்பாற்றலை அடக்குவதன் மூலம் மருத்துவர்கள் பிழைக்க வைத்தனர். அதே பரிசோதனையில், ஒக்ஸிஜன் தேவைப்படாத அளவுக்கு இலேசான நோயுடன் இருந்தவர்களுக்கு அம்மருந்தினால் எந்தப் பயனும் கிட்டவில்லை. அவர்களுள் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 18 பேரும் பெறாதோரில் 14 பேரும் இறந்தனர். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடியது என்பதால் மருந்து கேடு செய்தது என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. நன்மை செய்தது என்று சொல்லவே இடமில்லை. ஒரே நோய், ஒரே மருந்து. நோயின் எந்தக் கட்டத்தில் கொடுக்கப்பட்டது என்பதே வேறுபாடு.

இதனை விளங்கிக்கொள்வதற்கு நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டியுள்ளது.

பாடசாலையில் விஞ்ஞானம் கற்றவர்கள் நிர்ப்பீடனம் இருவகைப்படும் என்பதை அறிவர். ஒன்று, குறிப்பிட்ட கிருமியை இனங்கண்டு அதற்கென்றே பிறபொருளெதிரிகளை உருவாக்குவது. இது முதன்முறை சந்திக்கும் கிருமிக்கு எதிராகத் தயாராவதற்குச் சில நாட்கள் தொடக்கம் இரு வாரங்கள் வரை எடுக்கும். மற்றையது, பிறக்கும்போதே எம்முடன் வருவது. வந்தவன் யாரென்று விசாரித்துக்கொண்டிராமல், சில நிமிடங்களிலும் மணித்தியாலங்களிலும் பாய்ந்து தாக்குவது. நியூட்ரோபில், மக்ரோபேஜ், இயோசினோபில், மாஸ்ட் கலம் என்று பலவகைக் கலங்கள் இதற்குள் அடங்கும். நியூட்ரோபில்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், வளர்ந்த ஒருவரின் என்பு மச்சை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி கலங்களை உற்பத்தி செய்கின்றது. அவை சொற்ப காலமே வாழ்ந்து மடிகின்றன. புண்ணில் தோன்றும் சீழ் பெரும்பாலும் இக்கலங்களின் சடலங்களே.

இவற்றின் தொழிலை முதன்முதலில் கண்டறிந்தவர் இலியா மெச்னிக்கோவ் என்னும் ரஷ்ய விலங்கியலாளர். அவர் மருத்துவர் அல்லர். 1882ஆம் ஆண்டில் ஒடெசா பல்கலைக்கழகப் பதவியைத் துறந்து, குடும்பத்துடன் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டார் எல்லோரும் சர்க்கஸில் குரங்குகளின் வித்தை பார்க்கச் சென்றுவிட, தனித்திருந்த அவர் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குடம்பிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றினுள் அலைந்து திரியும் கலங்கள் உடலைக் காக்கும் காவலர்களாக இருக்கக்கூடுமோ என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. வீட்டுத் தோட்டத்தில் இருந்த ரோசாச் செடியின் முட்களைப் பிடுங்கிக் குடம்பிகளின் தோலுக்குள் செருகினார். அன்றிரவு அவர் உறங்கவில்லை என்பர். மறுநாட் காலையில் முட்களைச் சுற்றி அக்கலங்கள் படையெனச் சூழ்ந்திருந்தன.

கிருமிகளை விழுங்கும் இக்கலங்களுக்குத் தின்குழியங்கள் என்ற பெயர் வழங்கலாயிற்று. 1908இல் மெச்னிக்கோவுக்கும், பிறபொருளெதிரிகளின் பக்கம் நின்று வாதாடிய ஜேர்மனியரான போல் ஏர்லிக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசு இருவருக்கும் சமமாகக் கிடைத்த போதிலும், அடுத்து வந்த பல தசாப்தங்களில் ஆராய்ச்சியாளரின் கவனம் பெரும்பாலும் ஏர்லிக்கின் பக்கமே சாய்ந்திருந்தது. தின்குழியங்கள் அகப்பட்டதையெல்லாம் விழுங்கும் அறிவற்ற கூலிப்படை என்றே கருதப்பட்டன.

இந்த எண்ணத்தை 1989இல் முதலில் அசைத்தவர் அமெரிக்கரான சார்ள்ஸ் ஜேன்வே. கிருமிகளுக்குப் பொதுவாகவுள்ள, எமது உடலில் இல்லாத சில அடையாளங்களை இனங்காணும் வாங்கிகள் இக்கலங்களின்மேல் இருந்தே ஆகவேண்டும் என்று அவர் எதிர்வுகூறினார். 1996இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஜூல்ஸ் ஹொஃப்மன் குழுவினர், 'டோல்' என்னும் மரபணு பழுதடைந்த பழ ஈக்கள் பூஞ்சணம் பிடித்து மடிவதைக் கண்டனர். ஈக்குப் பிறபொருளெதிரி கிடையாது. அதனைக் காத்து நின்றது அந்த ஒரு வாங்கியே. 1998இல் புரூஸ் பொய்ட்லர், பக்டீரியாவின் நச்சுப் பொருளொன்றை உணரும் அதே வகை வாங்கியைச் சுண்டெலியில் கண்டுபிடித்தார். இவ்விருவருக்கும், கிளைக்கலங்கள் எனப்படும் வேறொருவகைக் கலத்தைக் கண்டறிந்த ரால்ப் ஸ்டெயின்மனுக்கும் 2011ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரிசு அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர் ஸ்டெயின்மன் காலமாகியிருந்தார் என்பதைத் தெரிவுக்குழு அறிந்திருக்கவில்லை. இறந்தவர்க்குப் பரிசில்லை என்ற விதி இருந்தும், அவரது பெயர் நீக்கப்படவில்லை.

வாங்கி எது, அது கொடுக்கும் சமிக்ஞை எது என்று தெரிந்துவிட்டால், அச்சமிக்ஞையைக் கூட்டவும் குறைக்கவும் வழி பிறக்கும். கடந்த கால் நூற்றாண்டில் மருத்துவத்தில் நிகழ்ந்திருக்கும் மாற்றம் இதுவே. சக்தியைக் கூட்டுவது எவ்வாறு என்பதல்ல, எந்தக் கலத்தை, எந்த அளவுக்கு, எப்போது தட்டியெழுப்புவது அல்லது தணிப்பது என்பதே இன்று மருத்துவர் முன்னுள்ள கேள்வி.

தணிப்பதற்கு நாம் அறிந்த ஓர் உதாரணம் எமது வேலிகளிலேயே படர்கின்றது. கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்ச்சிசின் என்னும் பொருள், ஐரோப்பாவில் இலையுதிர்காலக் குரோக்கஸ் என்னும் பூச்செடியிலிருந்தும் பெறப்படுகின்றது. கால் பெருவிரல் மூட்டில் யூரிக் அமிலப் பளிங்குகள் படிந்து உண்டாகும் கடும் வலிக்கு அது பன்னெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. அது யூரிக் அமிலத்தை ஒன்றும் செய்வதில்லை. அப்பளிங்குகளைக் கண்டு வெறிகொண்டு பாயும் நியூட்ரோபில்களின் உள்ளமைப்பில் உள்ள நுண்குழாய்களைக் கட்டவிடாமல் தடுத்து, அவற்றின் ஓட்டத்தையே முடக்கிவிடுகின்றது. துருக்கியர், அரேபியர், ஆர்மேனியர், யூதர் ஆகியோரிடையே காணப்படும், திரும்பத் திரும்பக் காய்ச்சலும் வயிற்றுவலியும் வரும் ஒரு பரம்பரை நோய்க்கும் 1972 முதல் இதுவே கைகண்ட மருந்தாக இருந்துவருகின்றது. அந்நோயாளரிடம் கிருமி எதுவும் இருப்பதில்லை. காவலர்கள் காரணமின்றி எழுந்து கலகம் செய்வதே அவர்களது நோய்.

இங்கு ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் அப்பால் செல்ல எமக்கு மனமில்லை. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள தூரம் கொல்ச்சிசினில் மிகமிகக் குறுகியது. கார்த்திகைக் கிழங்கை உண்டு உயிரிழந்தோரை எமது நாட்டு வைத்தியசாலைகள் நன்கறியும். அக்கிழங்கை அரைத்துக் குடிக்கலாமா என்று எந்த வாசகரும் கேட்கத் தலைப்படக்கூடாது.

இருதய நாடிகளில் கொழுப்புப் படிவதும் ஒருவகை அழற்சியே என்பது அண்மைக் காலத்தில் தெளிவாகியுள்ளது. 2019இல் வெளியான ஒரு பரிசோதனையில், மாரடைப்பு ஏற்பட்ட 4,745 பேருக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கொல்ச்சிசினோ வெற்று மாத்திரையோ வழங்கப்பட்டது. மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றுக்கு ஆளானோர் வெற்று மாத்திரை பெற்றவர்களுள் நூற்றுக்கு 7.1 பேர், மருந்து பெற்றவர்களுள் 5.5 பேர். அடுத்த ஆண்டில் 5,522 பேரிடம் நடந்த இன்னொரு பரிசோதனையும் அதனை உறுதிப்படுத்தியது. அமெரிக்கா 2023இல் இதற்கு அனுமதியும் வழங்கியது. ஆயினும் 2024இல் ஏழாயிரம் பேருக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட மூன்றாவது பரிசோதனையில் எந்தப் பயனும் தென்படவில்லை. வாதம் இன்னும் முடியவில்லை.

இதனிலும் கூர்மையான ஆயுதம் ஒன்றும் பரீட்சிக்கப்பட்டது. அழற்சியை மூட்டும் இன்டர்லூக்கின்-1 பீற்றா என்னும் ஒரேயொரு சமிக்ஞைப் பொருளை மாத்திரம் பிடித்து முடக்கும் கனாக்கினுமாப் என்ற ஊசி மருந்து, முன்னர் மாரடைப்பு ஏற்பட்ட பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் பரிசோதிக்கப்பட்டு முடிவுகள் 2017இல் வெளியாயின. கொலஸ்திரோலைத் தொடாமலே, மீண்டும் மாரடைப்பு முதலியன ஏற்படுவது அதனால் நூற்றுக்கு 15 வீதம் குறைந்தது. மருத்துவ உலகம் வியந்தது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தில், உயிரைப் பறித்த தொற்றுநோய்கள் மருந்து பெற்றோரிடையே அதிகரித்திருந்தன. ஒருபுறம் காத்ததை மறுபுறம் இழந்தமையால் மொத்த மரணங்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. 2018இல் அமெரிக்க அதிகாரிகள் அம்மருந்தை மாரடைப்புக்குப் பயன்படுத்த அனுமதி மறுத்தனர். காவலரின் கையைக் கட்டினால் கள்வனுக்கு வழி திறக்கும் என்பதை இதனிலும் தெளிவாக எடுத்துக்காட்டும் பரிசோதனையை நாம் அறியோம்.

நாட்பட ஸ்டீரொயிட் மாத்திரை உட்கொள்வோர் நிலைமையும் இதுவே. மூட்டுவலிக்கென்றும் தொய்வுக்கென்றும் 'மூலிகைத் தூள்' என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் ஸ்டீரொயிட் கலக்கப்பட்டிருந்தமை பல நாடுகளில் ஆய்வுகூடப் பரிசோதனைகளின் மூலம் கண்டறியப்பட்டுள்ளது. மூன்றே நாளில் வலியெல்லாம் பறந்துவிட்டது என்று புகழப்படும் எந்தத் தூளையும் நாம் சந்தேகத்துடனேயே நோக்கவேண்டியுள்ளது.

இனி மறுபக்கம். அடிக்கடி தொற்றுக்கு ஆளாவோரின் தின்குழியங்களைத் தட்டியெழுப்ப முடியுமா?

முடியும் என்பதற்கு ஓர் அரிய நோய் சான்று தருகின்றது. நாட்பட்ட கிரனுலோமா நோயுடன் பிறக்கும் பிள்ளைகளின் தின்குழியங்கள் கிருமியை ஒழுங்காகவே விழுங்குகின்றன. ஆனால் விழுங்கியதைக் கொல்லும் இரசாயனத்தை உண்டாக்க அவற்றால் இயலாது. கிருமி அவற்றினுள்ளேயே உயிருடன் குடியிருக்கும். ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகள் மீண்டும் மீண்டும் தோன்றும். காமா இன்டர்பெரோன் என்னும், உடலே சுரக்கும் சமிக்ஞைப் பொருளை ஊசி மூலம் இவர்களுக்கு வழங்கிப் பார்த்த பரிசோதனையொன்றின் முடிவுகள் 1991இல் வெளியாயின. வெற்று ஊசி பெற்ற 65 பேரில் 30 பேர் கடுந்தொற்றுக்கு ஆளாக, மருந்து பெற்ற 63 பேரில் 14 பேரே அவ்வாறு ஆளாயினர். அதே ஆண்டில், நியூட்ரோபில்களின் உற்பத்தியைத் தூண்டும் இன்னொரு மருந்தும் அமெரிக்காவில் பாவனைக்கு வந்தது. புற்றுநோய்ச் சிகிச்சையினால் வெண்குருதிக் கலங்கள் வற்றிப்போனவர்களுக்கு இன்று உலகெங்கும் அது கொடுக்கப்படுகின்றது.

இவை நோய் எதிர்ப்பைக் கூட்டும் மருந்துகள்தாமே என்று வாசகர் கேட்கலாம். ஆம், ஆனால் எந்தக் கலத்தில் எது குறைந்துள்ளது என்று அறிந்தபின்னர், அக்குறையை மாத்திரம் நிரப்புபவை. குறையே இல்லாதவனுக்கு இவற்றைக் கொடுப்பதில் பொருளில்லை. எமது நாட்டில் புண் ஆறாமலும், தோலில் கட்டிகள் திரும்பத் திரும்ப வந்தும் அவதியுறும் வளர்ந்தவர்களுள் பலருக்குத் தேவைப்படுவது சக்தி மாத்திரையன்று, குருதியில் சீனியின் அளவைப் பரிசோதிப்பதேயாகும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதபோது நியூட்ரோபில்கள் தொற்றிடத்தை நோக்கி நகர்வதிலும் கிருமியைக் கொல்வதிலும் தளர்ந்துபோகின்றன. சீனியைக் கட்டுப்படுத்தினால் அவை தாமாகவே பெருமளவு தேறிவிடும்.

தின்குழியங்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்ற கருத்து அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்படுகின்றது. எமது இடது தோளின் கீழ் பீ.சீ.ஜீ. தடுப்பூசி விட்டுச் சென்ற தழும்பு அனைவரும் அறிந்ததே. காசநோய்க்கெதிரான இத்தடுப்பூசி 1921இல் பரிஸ் நகரில் முதன்முதலாகக் குழந்தைக்கு வழங்கப்பட்டது. இலங்கையில் பிறந்த குழந்தைக்கு இடப்படும் முதலாவது தடுப்பூசியும் அதுவே. மேற்கு ஆபிரிக்காவின் கினியா பிசாவு நாட்டில் பல்லாண்டுகள் பணியாற்றிய டென்மார்க் ஆய்வாளரான பீற்றர் ஆபியும் அவரது குழுவினரும், எடை குறைந்து பிறந்த சிசுக்களுக்கு உடனடியாக பீ.சீ.ஜீ. இட்டபோது முதல் மாத மரணங்கள் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்ததைக் கண்டனர். முதல் மாதத்தில் இறக்கும் சிசுவைக் கொல்வது காசநோயன்று. அப்படியாயின் தடுப்பூசி வேறெதையோ செய்துள்ளது.

நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மிஹாய் நெட்டியாவின் குழுவினர் அதற்கு ஒரு விளக்கத்தைத் தந்தனர். பீ.சீ.ஜீ. பெற்றவர்களின் மொனோசைட் என்னும் வெண்குருதிக் கலங்களில், மரபணுக்களைச் சுற்றியுள்ள பொதியமைப்பு மாறி, சில மரபணுக்கள் எளிதில் திறக்கும் நிலையில் வைக்கப்படுகின்றன. அதனால் அடுத்துவரும் கிருமி எதுவாயினும் அக்கலங்கள் விரைந்து எழுகின்றன. நினைவாற்றல் இல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட கலங்களுக்கும் ஒருவகை நினைவு உண்டு என்றாயிற்று. 2011இல் நெட்டியா இதற்குப் 'பயிற்றப்பட்ட நிர்ப்பீடனம்' என்று பெயரிட்டார். கிரேக்க நாட்டில் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய முதியோருக்கு பீ.சீ.ஜீ. இட்ட பரிசோதனையொன்றில், தொற்றுக்கு ஆளானோர் வெற்று ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 42 பேராகவும் தடுப்பூசி பெற்றோரில் 25 பேராகவும் இருந்தனர் என்று 2020இல் அறிவிக்கப்பட்டது.

இவ்வளவையும் படித்துவிட்டு பீ.சீ.ஜீ. ஊசி தேடி எவரும் புறப்படுவதற்கு முன்னர் எஞ்சியதையும் சொல்லிவிடுகின்றோம். கொவிட் காலத்தில் அவுஸ்திரேலியா, பிரேசில் உட்பட ஐந்து நாடுகளைச் சேர்ந்த சுமார் 4,000 சுகாதாரப் பணியாளரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான பரிசோதனையில், பீ.சீ.ஜீ. அந்நோயிலிருந்து அவர்களைக் காக்கவில்லை. சென்னையிலும் புதுச்சேரியிலும் எடை குறைந்த சிசுக்களிடம், ரஷ்ய வகைக் கிருமியாலான பீ.சீ.ஜீ.யைக் கொண்டு நடத்தப்பட்ட பரிசோதனைகளிலும் மரணங்கள் குறையவில்லை என்று 2019இல் வெளியிடப்பட்டது. தடுப்பூசியின் வகையா, குழந்தையின் சூழலா, வேறெதுவுமா என்பது தீர்க்கப்படவேண்டிய கேள்வியாகவே உள்ளது. காசநோய்க்காக அத்தடுப்பூசி இடப்படவேண்டும் என்பதில் மட்டும் ஐயமில்லை.

அடிக்கடி சளியும் இருமலும் வரும் பிள்ளைகளுக்கென்று, கொல்லப்பட்ட பக்டீரியாக்களின் சிதைவுகளை அடக்கிய மாத்திரைகளும் சில நாடுகளில் விற்பனையாகின்றன. வாயினால் உட்கொள்ளப்படும் இவை குடலிலுள்ள காவற் கலங்களைத் தூண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2019இல் இவற்றை மீளாய்வு செய்து, மீண்டும் மீண்டும் வரும் சுவாசத் தொற்றைத் தடுப்பதற்கு மாத்திரம் இவற்றைப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றைக் குணமாக்கவோ நியுமோனியாவைத் தடுக்கவோ அல்ல என்று வரையறுத்தது. அதற்கும் மேலான சான்றுகளை உற்பத்தியாளர்கள் சமர்ப்பிக்கவேண்டும் என்றும் பணித்தது.

ஒவ்வாமைக்கு வருவோம். அமெரிக்காவில் அமிஷ், ஹட்டரைட் என்ற இரு சமயக் குழுவினர் உள்ளனர். இருவரும் மத்திய ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள், மரபுவழியால் நெருங்கியவர்கள், உணவும் பெரிதும் ஒத்தது. அமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுது, வீட்டை ஒட்டிய தொழுவத்தில் மாடு வளர்ப்பவர்கள். ஹட்டரைட் மக்கள் பெரும் இயந்திரப் பண்ணைகளில் கூட்டாக விவசாயம் செய்பவர்கள். பாடசாலை வயதுப் பிள்ளைகளிடையே ஆஸ்துமா முன்னையவர்களில் நூற்றுக்கு 5 பேரிடமும் பின்னையவர்களில் 21 பேரிடமும் காணப்பட்டது. 2016இல் வெளியான ஆய்வில், அமிஷ் வீடுகளிலிருந்து திரட்டிய தூசியைச் சுண்டெலிகளின் மூக்கில் இட்டபோது அவற்றுக்கு ஆஸ்துமா போன்ற நிலை ஏற்படவில்லை. ஹட்டரைட் வீட்டுத் தூசிக்கு அந்தக் குணமில்லை. நாம் மேலே குறிப்பிட்ட வாங்கிகளின் சமிக்ஞைப் பாதைகள் நீக்கப்பட்ட சுண்டெலிகளில் அமிஷ் தூசியும் பயன் தரவில்லை. பிறவிக் கலங்கள் சிறுவயதில் எதனைச் சந்தித்தன என்பது பின்னாளில் அவை எதற்கெல்லாம் சீறும் என்பதைத் தீர்மானிப்பதாகத் தெரிகின்றது. பிள்ளையைத் தொழுவத்தில் விட்டுவிட்டால் தொய்வு வராது என்பது இதன் பொருளன்று.

ஒவ்வாமையில் முதலில் சீறுவது மாஸ்ட் கலம். ஏர்லிக் மாணவராக இருந்தபோதே 1878இல் இதனை விவரித்தார். உள்ளே நிறைந்திருந்த மணிகளைக் கண்டு, நன்றாக உண்டு கொழுத்த கலம் என்னும் பொருள்பட அவர் இட்ட பெயரே நிலைத்துவிட்டது. அந்த மணிகளில் இருப்பது உணவன்று. ஹிஸ்டமின் முதலிய பொருட்கள் என்பது பின்னரே தெரியவந்தது. 1966இல் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியரான இஷிசாகா இணையர், இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் பிறபொருளெதிரியைக் கண்டறிந்தனர். இறாலோ, நண்டோ, தூசிப் பூச்சியோ வந்து இதனைத் தொட்டவுடன், இதனைத் தாங்கி நிற்கும் மாஸ்ட் கலம் வெடித்துத் தன் மணிகளைக் கொட்டுகின்றது. தும்மல், தடிப்பு, மூச்சிறுக்கம் எல்லாம் அதன் விளைவு.

இக்கலத்தை அமைதிப்படுத்துவதற்கென்று வந்த மருந்தொன்றின் வரலாறு சுவையானது. எகிப்தில் சிறுநீரகக் கல்லுக்கு நெடுங்காலம் பயன்படுத்தப்பட்ட ஒரு செடியின் விதையில் உள்ள பொருளை அடியொற்றி, இங்கிலாந்தில் இரசாயனவியலாளர் பல கலவைகளைத் தயாரித்தனர். அங்கு பணியாற்றிய மருத்துவர் ரொஜர் அல்தூன்யன் தாமே ஓர் ஆஸ்துமா நோயாளி. கினிப் பன்றியின் உரோமத்தில் தமக்கு ஒவ்வாமை உண்டென்று அறிந்த அவர், அதன் சாற்றை வேண்டுமென்றே முகர்ந்து மூச்சுத் திணறலை வரவழைத்து, ஒவ்வொரு கலவையையும் தம்மிலேயே பரீட்சித்துப் பார்த்தார். 1960களில் நூற்றுக்கணக்கான தடவைகள் இவ்வாறு செய்ததன் பயனாகக் கிடைத்ததே சோடியம் குரோமோகிளைக்கேற். உலக யுத்தத்தில் விமானியாக இருந்த அவர், அத்தூளை உள்ளிழுப்பதற்கு விமானச் சுழலியைப் போன்ற சிறு விசிறி கொண்ட கருவியையும் உருவாக்கினார். ஆஸ்துமாவுக்கு இன்று அம்மருந்து அருகிவிட்டது. கண் அரிப்புக்கான சொட்டு மருந்தாக அது இன்னும் பாவனையில் உள்ளது.

அதன்பின் வந்தவை விலையுயர்ந்த ஊசிகள். இம்யூனோகுளோபுலின் ஈயை மாஸ்ட் கலத்தை அடையவிடாது பிடித்துக்கொள்ளும் ஒமாலிசுமாப் 2003இல் அமெரிக்காவில் ஆஸ்துமாவுக்காக அனுமதிக்கப்பட்டது. தவறுதலாக உண்ணும் உணவினால் ஏற்படும் ஒவ்வாமையின் கடுமையைக் குறைப்பதற்கும் 2024இல் அனுமதி கிடைத்தது. இயோசினோபில்களைப் போஷிக்கும் சமிக்ஞையை வெட்டும் மெப்போலிசுமாப் 2015இல் வந்தது. கடும் ஆஸ்துமாவினால் ஆண்டுதோறும் பலமுறை வைத்தியசாலைக்கு ஓடியவர்கள் இவற்றினால் மறுவாழ்வு பெற்றுள்ளனர் என்பது உண்மை. 2022இல் சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவிய எமது நாட்டில் இவை எத்தனை பேருக்கு எட்டும் என்பது வேறு விடயம்.

எட்டக்கூடியது ஒன்று இருக்கின்றது. தொய்வு என்றும் முட்டு என்றும் எம்மவர் அழைக்கும் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கப்படும் கபில நிறப் பம்ப்பில் இருப்பது, சுவாசக் குழாய்களுக்குள் மட்டும் சென்று இயோசினோபில் முதலான கலங்களைத் தணிக்கும் ஸ்டீரொயிட். அதன் அளவு மாத்திரையோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பம். நீல நிறப் பம்ப்பிலுள்ள சல்பியூட்டமோல், இறுகிய குழாயைச் சில மணித்தியாலங்களுக்குத் தளர்த்துகின்றதேயன்றி அழற்சியைத் தொடுவதில்லை. நீலம் உடனடியாகச் சுகம் தருவதால் அதனை விரும்பி, ஸ்டீரொயிட் என்ற சொல்லுக்கு அஞ்சிக் கபிலத்தை ஒதுக்கும் பெற்றோர் எம்மிடையே ஏராளம். பம்ப் பாவித்தால் பழகிவிடும், பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது தெரிந்துவிடும் என்றெல்லாம் சொல்லி மறைப்பவர்களையும் நாம் அறிவோம். பிள்ளை இரண்டு கிழமை இழுப்பின்றி ஓடியாடத் தொடங்கியதும் கபில நிறப் பம்ப் அலுமாரிக்குள் போய்விடுகின்றது. வெளியே சத்தம் கேட்காவிட்டாலும் உள்ளே அக்கலங்கள் குழாய்ச் சுவரில் மீண்டும் கூடத் தொடங்கியிருக்கும்.

நீலத்தை மட்டும் நம்பியிருப்பவர்களுக்குக் கடும் தாக்குதலும் மரணமும் நேரும் ஆபத்து அதிகம் என்பதைச் சுட்டிக்காட்டி, ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டல்களை வகுக்கும் 'ஜீனா' அமைப்பு 2019இல் அரை நூற்றாண்டுக்கால நடைமுறையொன்றைக் கைவிட்டது. இலேசான ஆஸ்துமா உள்ள வளர்ந்தவர்களுக்கும் பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கும்கூட நீலப் பம்ப்பைத் தனியாகக் கொடுத்தல் ஆகாது. உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட் ஏதேனும் ஒரு வகையில் அதனோடு சேர்ந்தே இருக்கவேண்டும் என்பது அன்று முதல் அதன் பரிந்துரையாக இருந்துவருகின்றது. கபில நிறப் பம்ப் எமது அரச வைத்தியசாலைகளின் கிளினிக்குகளில் பணம் எதுவுமின்றி வழங்கப்படும் மருந்துகளுள் ஒன்று. பிள்ளையின் கொப்பியுடன் கிளினிக்குக்குச் செல்லும் தாய்மார், நீலம் எத்தனை நாளில் தீர்ந்தது என்பதையும் கபிலத்தில் எவ்வளவு மிச்சமிருக்கின்றது என்பதையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லிவிட்டால், எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதை அவர் அங்கேயே தீர்மானித்துக்கொள்வார்.